நறுமணத் தைலமும் ஏலச் சுத்தியலும்

பெத்தானியாவில் ஒரு விருந்து. மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தைக் கொண்டுவந்து ஆண்டவரின் காலடிகளில் பூசுகிறார். வீடு முழுவதும் மணம் கமழ்கிறது. அவ்வேளையில் அங்கிருந்த ஒருவன் மணத்தை நுகரவில்லை, விலையைக் கணக்கிடுகிறான். 300 தெனாரியம் என்பது அவன் கண்ட விலை. அந்நாளில் திராட்சைத் தோட்டத்துக் கூலியாள் ஒரு நாள் உழைத்தால் பெற்றது ஒரு தெனாரியம். ஆகவே ஏறக்குறைய ஓராண்டு உழைப்பின் மதிப்பு அந்தக் குப்பிக்குள் இருந்தது. கணக்கில் பிழை இல்லை. ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று அவன் காட்டிய காரணமும் செவிக்கு இனிமையானதே. ஆயினும் அவன் பணப்பையிலிருந்து எடுத்து வந்தவன் என்பதை யோவான் நற்செய்தியாளர் மறைக்காமல் நமக்குச் சொல்லிவிடுகிறார்.

அரும்பொருள்களை விலைகூறி விற்கும் ஏலக்கூடங்களைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் இந்தக் காட்சி நம் நினைவுக்கு வருகிறது. ஓவியங்கள், பழைய நிழற்படங்கள், அரிய நூல்கள் ஆகியவற்றைச் சேகரிப்போர் உலகெங்கும் பெருகியிருக்கும் காலம் இது. அவர்களது ஆசையையும் அறிவையும் எளிதில் பழித்துவிட முடியாது. அவர்கள் பலர் இல்லாதிருந்தால் எத்தனையோ செல்வங்கள் மண்ணோடு மண்ணாகியிருக்கும். ஆனால் சேகரிப்பின் நோக்கம் என்ன, முடிவு என்ன என்று கேட்கும் கடமை நம்பிக்கையாளருக்கு உண்டு. அந்தக் கேள்வியை நம்முன் வலுவாக வைத்தது அண்மையில் நாம் படித்த ஒரு நூல்: அமெரிக்க எழுத்தாளர் மார்கரெட் லெஸ்லி டேவிஸ் 2019இல் வெளியிட்ட ‘த லாஸ்ட் கூட்டன்பெர்க்’. ‘தொலைந்த கூட்டன்பெர்க்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

ஒரு நூலின் பயணம்

செருமனியின் மைன்ஸ் நகரில் யோகன்னஸ் கூட்டன்பெர்க் ஏறத்தாழ 1455இல் இலத்தீன் திருவிவிலியத்தை அச்சிட்டு முடித்தார். அசையும் உலோக எழுத்துகளைக் கொண்டு ஐரோப்பாவில் அச்சான முதற்பெரும் நூல் அது. பக்கத்துக்கு இரண்டு பத்திகள், பத்திக்கு 42 வரிகள். ஏறத்தாழ 180 படிகள் அச்சாயின என்பர் அறிஞர். இன்று எஞ்சியிருப்பவை ஐம்பதுக்கும் குறைவு. அவற்றுள் ஆய்வாளர் பட்டியலில் 45 என்ற எண் பெற்ற ஒரு படியின் வரலாறே இந்நூல். தொடக்கநூல் முதல் திருப்பாடல்கள் வரை அமைந்த முதல் தொகுதி மட்டுமே இப்படியில் உண்டு. கோடிகளைக் கொட்டி மனிதர் துரத்திய இந்தத் திருவிவிலியத்தில் நான்கு நற்செய்திகளும் இல்லை என்பதை நாம் மறவாதிருப்பது நன்று.

1836இல் அயர்லாந்துப் பிரபுவான கோஸ்போர்டு இதை 45 பவுனுக்கு வாங்கினார். 1884இல் ஆம்ஹர்ஸ்ட் பிரபு 600 பவுன் கொடுத்துத் தமதாக்கிக்கொண்டார். நம்பியிருந்த வழக்குரைஞர் செய்த மோசடியால் அவர் செல்வமிழந்து, 1908இல் தம் நூல்களை ஏலத்தில் விட நேர்ந்தது. அப்போது 2,050 பவுனுக்கு இத்தொகுதியைப் பெற்றவர் டைசன் பெரின்ஸ். வூஸ்டர் சாஸ் தயாரித்த குடும்பத்தின் வாரிசு. ஏலம் முடிந்த சில வாரங்களில், 1909 சனவரியில், ஆம்ஹர்ஸ்ட் இறந்தார். 1947இல் பெரின்ஸின் நூல்கள் ஏலத்துக்கு வந்தபோது இதன் விலை 22,000 பவுன். 1950இல் இது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்றது. அங்கே 70,093 டாலர் கொடுத்து அதை வரவேற்றவர் எஸ்டெல் டொகினி என்னும் கத்தோலிக்கக் கைம்பெண்.

இந்த அம்மையாரின் வாழ்வே தனியொரு மறையுரைக்குப் பொருளாகும். கணவர் எட்வர்டு டொகினி எண்ணெய்க் கிணறுகளால் பெருஞ்செல்வர் ஆனவர். ‘டீபாட் டோம்’ என்று அமெரிக்க அரசியல் வரலாறு குறிக்கும் ஊழலில் அமைச்சர் ஒருவருக்குக் கையூட்டு கொடுத்ததாக அவர்மீது வழக்கு வந்தது. அந்தப் பணத்தைக் கையூட்டாகப் பெற்றார் என்று அமைச்சர் தண்டிக்கப்பட்டார். அதைக் கையூட்டாகக் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து டொகினி 1930இல் விடுவிக்கப்பட்டார். மனைவியோ கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து அறப்பணிகளில் ஈடுபட்டவர். 1939இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவருக்குக் கோமகள் பட்டம் அளித்தார். இத்தொகுதி கைக்கு வந்தபோது அவரது பார்வை பெரிதும் மங்கியிருந்தது. நெடுங்காலம் தேடிய நூல் கிடைத்தபோது அதைக் கண்ணாரப் படிக்கும் நிலையில் அவர் இல்லை.

தாம் சேர்த்த நூல்களையும் கலைப்பொருள்களையும் கமாரியோவிலுள்ள புனித யோவான் குருத்துவக் கல்லூரிக்கு அவர் வழங்கினார். 25 ஆண்டுகள் கடந்தபின் விற்கலாம் என்ற இசைவும் அந்தக் கொடையில் இருந்தது. 1958இல் அவர் இறந்தார். 1987 அக்டோபர் 22 அன்று, உலகப் பங்குச் சந்தைகள் சரிந்து மூன்று நாள்களே ஆகியிருந்தபோது, நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தில் இத்தொகுதியின் மீது சுத்தியல் தட்டப்பட்டது. ஏலத் தொகை 49 இலட்சம் டாலர். ஏலக்கூடத்தின் கட்டணமும் சேர்த்து 53 இலட்சத்து 90 ஆயிரம். அச்சிட்ட நூலொன்றுக்கு அதுவரை எவரும் கொடுத்திராத விலை அது. வாங்கியது தோக்கியோவின் மருசென் நிறுவனம். 1989 வரை தொடர்ந்த ஏலங்களில் டொகினி சேகரிப்பு முழுவதும் ஏறத்தாழ 3 கோடியே 70 இலட்சம் டாலர் ஈட்டியது. குருக்களின் உருவாக்கத்துக்கான நிதியாக அதை வைப்பதே லாஸ் ஏஞ்சல்ஸ் உயர்மறைமாவட்டம் அறிவித்த நோக்கம்.

நூலின் நிறையும் குறையும்

இந்நூலின் சிறப்பு அதன் கோவையான சொல்முறை. ஒரு பொருளை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றி வரும் மனிதரின் ஆசை, பெருமை, வீழ்ச்சி, மரணம் ஆகியவற்றை அடுத்தடுத்துக் காட்டுகிறார் ஆசிரியர். ஏலக்கூடத்தின் நடைமுறையும் நமக்கு விளங்கிவிடுகிறது. இதற்குக் குறையாமல் விற்பதில்லை என்று உரிமையாளரும் ஏலக்கூடமும் முன்னரே மறைவாக ஒரு தொகையை உறுதி செய்கின்றனர். வாங்க விரும்புவோர் தம் பெயர் வெளிப்படாதிருக்க முகவரை அனுப்புகின்றனர். இருவர் விடாது போட்டியிட்டால் விலை விண்ணைத் தொடும். ஒருவர் மட்டுமே இருந்தால் பெரும்பொருளும் சிறுதொகைக்குப் போய்விடும். ஆகவே ஏல விலை என்பது பொருளின் இயல்பான மதிப்பைக் காட்டுவதாகாது; அந்த ஒரு நாளில், அந்த ஓர் அறையில், இருவருக்கு எழுந்த வேட்கையின் அளவு அது. இதை ஆசிரியர் பாடம் நடத்தாமலே உணர்த்துகிறார்.

ஆனால் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. உடைமையாளர் ஒவ்வொருவரும் உயிரோடு எழுந்து நடமாடும் இந்நூலில், திருவிவிலியம் மட்டும் வாய் திறப்பதில்லை. அதன் தோலட்டை, தாள், மை ஆகியவற்றைப் பற்றி அரிய செய்திகள் உள்ளன. 1980களில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகர் அறிவியலாளர்கள் இத்தொகுதியைத் துகள் முடுக்கியின் கதிர்களால் சோதித்து, மையில் ஈயமும் செம்பும் மிகுந்திருப்பதைக் கண்டறிந்தனர் என்பதும் அவற்றுள் ஒன்று. எனினும் அந்த மையால் எழுதப்பட்டது என்ன, ஆபிரகாமும் மோசேயும் தாவீதும் அந்தப் பக்கங்களிலிருந்து யாரோடு பேசினர் என்ற கேள்வி எழவே இல்லை. பெரிய எழுத்துகளும் அகன்ற பக்கங்களுமாக இந்நூல் அமைந்தது ஆலயத்திலும் மடத்தின் உணவறையிலும் உரக்க வாசிப்பதற்கே ஏற்றவாறு. அந்தக் கேட்போர் கூட்டம் இந்த வரலாற்றில் இடம்பெறவில்லை.

தலைப்பிலேயே இந்தக் குறையின் வேர் இருக்கிறது. தொலைந்தது என்கிறார் ஆசிரியர். யாருக்குத் தொலைந்தது? 1996இல் தோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகம் இத்தொகுதியைப் பெற்றது. அதன் ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எண்மப் படமெடுத்து, கணினித் திரையில் எவரும் காண வழிசெய்தனர். பின்னர் பிற நாட்டு நூலகங்களின் படிகளையும் படமெடுக்க உதவினர். நூலாசிரியர் இதை மறைக்கவில்லை, பாராட்டவே செய்கிறார். ஆனால் செல்வர் மாளிகைகளிலும் பெட்டகங்களிலும் நெடுங்காலம் அடைபட்டிருந்த நூல் அப்போதுதான் முதன்முறையாக எல்லாருக்கும் கிடைத்தது என்பதை எண்ணினால், அந்தத் தலைப்பு தலைகீழாகவன்றோ மாற வேண்டும்?

இதற்கு எதிர்மாறான ஒன்றையும் காண்போம். ‘உலக மீட்பர்’ என்ற பெயருடைய ஓவியம் ஒன்று. கிறிஸ்து வலக்கையை உயர்த்தி ஆசி வழங்குகிறார். இடக்கையில் பளிங்கு உருண்டை. இது 1958இல் இலண்டன் ஏலத்தில் விற்கப்பட்டது 45 பவுனுக்கு. 1836இல் கோஸ்போர்டு கொடுத்த அதே தொகை! பின்னர் லியொனார்தோ தா வின்சியின் கைவண்ணம் என்று அறிஞர் பலர் கூற, வேறு சிலர் மறுக்க, 2017 நவம்பர் 15 அன்று நியூயார்க் ஏலத்தில் கட்டணமும் சேர்த்து 45 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. உலகில் எந்த ஓவியமும் ஏலத்தில் அதுவரை அத்தொகையை எட்டியதில்லை. 2019இல் பாரிசின் லூவர் அருங்காட்சியகம் லியொனார்தோவுக்குப் பெருங்காட்சி நடத்தியபோது அது வருமென்று உலகமே எதிர்பார்த்தது; வரவில்லை. உலகுக்கு ஆசி வழங்கும் திருமுகம் உலகின் கண்ணுக்கு மறைக்கப்பட்டது. விற்பனை இரண்டும் ஒரே வகை. ஒன்று திறந்தது, மற்றொன்று மூடியது. ஆகவே விற்றலோ வாங்கலோ இறுதிக் கேள்வியாகாது; யாருடைய கண்ணுக்கு, யாருடைய செவிக்கு என்பதே கேள்வி.

திருச்சபை விற்கலாமா?

குருத்துவக் கல்லூரி திருவிவிலியத்தை விற்றது சரியா? படிக்கும் நம் நெஞ்சை நேராகத் தைக்கும் வினா இது. அவசரப்பட்டுத் தீர்ப்பிட வேண்டா என்றே வரலாறு நம்மை எச்சரிக்கிறது. நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயரான புனித அம்புரோசு, போரில் சிறைப்பட்டோரை மீட்க ஆலயத்தின் திருப்பாத்திரங்களை உடைத்து உருக்கி விற்றார். எதிர்ப்பாளர் தூற்றினர். ஆண்டவரின் இரத்தம் மீட்ட மனிதரைப் பொன்னைக் கொண்டு மீட்பது அப்பொன்னுக்கே பெருமை என்பது அவரது மறுமொழியின் கருத்து. தைலத்தை விற்காமல் ஊற்றிய மரியாவையும் திருச்சபை போற்றுகிறது. பாத்திரத்தை விற்று உயிர் மீட்ட அம்புரோசையும் போற்றுகிறது. இருவரிடமும் ஒன்று பொதுவாக இருந்தது: கையிலிருந்ததை அன்புக்காக முற்றிலும் கைவிட்டனர்.

திருச்சபைச் சட்டமும் இந்த இரு முனைகளையும் அறிந்தே பேசுகிறது. கலையாலோ வரலாற்றாலோ விலைமதிப்புள்ள பொருள்களைக் கைமாற்றத் திருப்பீடத்தின் அனுமதி வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 1292ஆம் சட்டம். பொறுப்பேற்கும் நிர்வாகிகள் அத்தகைய பொருள்களுக்குத் தெளிவான பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்கிறது 1283ஆம் சட்டம். விற்கவே கூடாது என்பதில்லை. விளையாட்டாக விற்கக் கூடாது.

டொகினி அம்மையாரின் இசைவு இருந்தது. குருக்களின் உருவாக்கம் என்ற நோக்கமும் உயர்ந்ததே. எனினும் நம் மனம் முழு நிறைவு கொள்ளவில்லை. மறைநூலைக் கற்பிக்கும் இல்லம் அச்சேறிய முதல் மறைநூலை விற்று அக்கல்விக்குப் பொருள் தேடுவது, விதைநெல்லை விற்று உலை வைப்பதைப் போல நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த நெல் விதைக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டுமல்லவா? சொத்தாக மட்டுமே காக்கப்படும் நூல் ஒருநாள் சொத்தாகவே விற்கப்படும். குற்றம் எங்கேனும் உண்டென்றால், அது சுத்தியல் தட்டிய நாளில் பிறந்ததன்று; அந்நூலை வாசிக்கும் பழக்கத்திலிருந்து பிரித்துப் பெட்டகத்தில் வைத்த நாளிலேயே பிறந்துவிட்டது.

நம் வீட்டுக் கணக்கு

நெடுந்தொலைவில் நடந்தது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. தமிழில் முதன்முதல் தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்த இயேசு சபைத் துறவி என்றிக் என்றிக்கஸ் ஆக்கியது, பதினாறே பக்கம். அதைக் காண விரும்பும் தமிழர் இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தைத் தேடிச் செல்ல வேண்டும். சீகன்பால்கு மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் படி ஒன்று தஞ்சை சரசுவதி மகாலில், சரபோசி மன்னரின் கையொப்பத்தோடு இருந்தது. 2005இல் காணாமற் போனது. அது இலண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் 2022இல் கண்டறிந்தனர். அரும்பொருளுக்கு விலை கூடும்போது திருடருக்கும் ஊக்கம் கூடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

ஆயினும் திருடனை மட்டும் குறைகூறி நாம் தப்பிக்கலாகாது. ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. குருவாகி சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், ஒரு கிராமப் பங்கில் திருவிழாவுக்கு முன் சக்ரீஸ்து அறையைத் துப்புரவு செய்தோம். பழைய அலமாரி ஒன்றில் கரையான் அரித்த புத்தகங்கள் கிடந்தன. அட்டை போனவை, மெழுகு சொட்டியவை, விரல் பட்டு ஓரம் கறுத்தவை. புரட்டிப் பார்க்கும் பொறுமை நமக்கு இல்லை. பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். இரண்டு நாள் கழித்து முதிய உபதேசியார் வந்து தயங்கியபடி நின்றார்.

“சாமி, பெரிய வெள்ளிக்கு வாசிக்கிற வியாகுலப் பிரசங்கப் புத்தகம் அந்த அலமாரியிலதானே இருந்துச்சு? எங்க பாட்டனார் வாசிச்சது...”

கடைக்கு ஓடினோம். சரக்கு முந்தின நாளே லாரியில் ஏறிப் போயிருந்தது. உபதேசியார் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த ஆண்டுப் பெரிய வெள்ளியன்று நினைவிலிருந்த பகுதிகளை மட்டும் அவர் சொன்னார். நினைவு நின்ற இடத்தில் குரலும் நின்றது. கூடியிருந்தோர் காத்திருந்தனர். அந்த மௌனத்தின் விலை என்ன என்று எந்த ஏலக்கூடமும் நமக்குச் சொல்லப்போவதில்லை. யூதாசாவது தைலத்தின் விலையை அறிந்திருந்தான். நாமோ விலையும் அறியவில்லை, மணமும் அறியவில்லை.

அந்த நிகழ்ச்சிக்குப் பின்னரே நமக்கு ஒன்று புலனாயிற்று. பெட்டகத்தில் பூட்டப்பட்டது பிழைத்திருக்கிறது. கையில் எடுத்துப் பயன்படுத்தப்பட்டது தேய்ந்து மறைகிறது. ஏலத்தில் அருமைப்பொருளாக வந்து நிற்கும் எளிய செபநூல் பலவற்றின் பின்னே, மக்கள் கையில் தேய்ந்தழிந்த நூறு படிகள் உள்ளன. தேய்ந்தவை தம் பணியை முடித்துவிட்டன. எஞ்சியவற்றுக்கு நாமே பொறுப்பு.

சேகரிப்பவரின் ஆசை மாசுபட்டதே என்று சொல்ல நாம் வரவில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா செட்டியார், பிறர் வேண்டாவென்று தள்ளிய தமிழ் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தார். அவரது மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றைப் பெற்றும் கடல்கடத்திக் கொண்டுபோகவில்லை. அவை சென்னையிலேயே அவர் பெயரால் ஆய்வு நூலகமாயின. ஒரு மனிதர் தம் வீட்டில் சேர்த்தது ஒரு மக்களினத்தின் நினைவாயிற்று. விலை கொடுத்து வாங்கியதைத் திறந்து வைக்கும்போது சேகரிப்பவர் உடைமையாளர் என்ற நிலையிலிருந்து காப்பாளராக உயர்கிறார். உவமையில் வரும் வணிகர் தமக்குள்ளதையெல்லாம் விற்று ஒரு முத்தை வாங்கினார். அந்த முத்தை மறுபடி விற்று இலாபம் பார்த்தார் என்று ஆண்டவர் சொல்லவில்லை.

நம் பங்குகளிலும் வீடுகளிலும் இன்றும் எஞ்சியிருப்பவை உண்டு: திருமுழுக்குப் பதிவேடுகள், கையால் எழுதிய கீர்த்தனை ஏடுகள், மரச் சுரூபங்கள், முதல் கோவிலின் முன் மூதாதையர் வரிசையாக நின்ற மங்கிய நிழற்படங்கள். பங்குப் பேரவையினர் ஒரு மாலைப்பொழுதில் அமர்ந்து அவற்றுக்குப் பட்டியல் எழுதட்டும். நல்ல விலை தருவதாகச் சொல்லி வாசலில் வந்து நிற்பவரிடம் பங்குக் குருவானாலும் பேரவைத் தலைவரானாலும் தனித்து முடிவு சொல்லாதிருக்கட்டும். காக்க இயலாதவை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தைச் சேரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவற்றை வெளியே எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டி, வாசித்துக் காட்டுவோம்.

டேவிஸ் அம்மையாரின் நூலைத் தயங்காமல் படிக்கப் பரிந்துரைக்கிறோம். படித்து முடித்தபின் நம் பங்கின் பழைய அலமாரியை ஒருமுறை திறந்து பார்ப்பது, அந்நூலுக்கு நாம் எழுதும் சிறந்த மதிப்புரையாக இருக்கும்.